வாய்விட்டு எண்ணக் கூடாது

மொத்தம் நாற்பது பொட்டு என்று டீக்கடைக்காரர் சொன்னதும் எனக்குப் பாதிக் கவலை குறைந்தது. கோயில் மரத்தடியில் தொடங்கி மலைமுகட்டின் உச்சிப் பாறை வரைக்கும், வருகிறவர்கள் வழி தவறாமல் இருக்க, ஆங்காங்கே பாறையில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைப் பொட்டு வைத்திருக்கிறார்கள். "நாப்பதுங்க. நாந்தானுங்க பெயிண்ட் டப்பாவப் புடிச்சுக்கிட்டுப் பின்னாலயே போனேன்," என்றார் அவர். எண்ணிக்கை தெரிந்த வழியில் எனக்குப் பயமில்லை. தெரியாவிட்டால் மாடிப்படிகூட எனக்குக் கலக்கம்தான்.

ஆனால் அந்த நாற்பதை நான் வாயால் சொல்லக் கூடாது. அது என் மனைவிக்குக் கொடுத்த வாக்கு.

நான் சேலத்தில் சரக்கு ரயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். கடைசிப் பெட்டியில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து போகிற வேலை. வண்டி வளைவில் திரும்பும்போதெல்லாம் தலையை நீட்டி முன்னால் போகும் பெட்டிகளை எண்ணுவேன். புறப்பட்ட பெட்டிகள் அத்தனையும் போய்ச் சேர வேண்டும். வழியில் ஒன்று கழன்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம் எனக்கு முதல் நாளே வந்தது, கடைசி நாள் வரை போகவில்லை. ஒரு பெட்டியும் கழன்றதில்லை என்பது வேறு விஷயம். ஓய்வுக்குப் பிறகு எண்ண வண்டி இல்லை. பழக்கம் மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. தட்டில் இட்லி, எதிர்வீட்டுத் தென்னையில் காய், கல்யாண மண்டபத்தில் மின்விசிறி, அதில் ஓடாத மின்விசிறி எத்தனை என்று எதையும் விடுவதில்லை.

போன வருடம் என் மனைவிக்கு இரண்டு முட்டிக்கும் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. காலை மடக்கி நீட்டும் பயிற்சியைத் தினமும் செய்யச் சொன்னார்கள். பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு நான் எண்ணினேன். பிறகு கூடத்திலிருந்து வாசல்வரை நடக்கச் சொன்னார்கள், அதையும் எண்ணினேன். குறைந்தால் சொன்னேன். கூடினாலும், இவ்வளவு ஆகாது என்று சொன்னேன். அவள் எட்டு மாதம் பொறுத்துக்கொண்டாள். பொங்கல் கழிந்து ஒரு காலை, தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே தன் முடிவைச் சொன்னாள்.

எங்கள் தெருவில் பெண்கள் கூட்டம் ஒன்று உண்டு. வருடா வருடம் வேன் பிடித்து எங்காவது போவார்கள். ஆசைப்பட்டால் வீட்டுக்காரர்களையும் சேர்த்துக்கொள்வார்கள். பெரும்பாலும் யாரும் ஆசைப்படுவதில்லை. போன வருடம் என் மனைவியால் போக முடியவில்லை. அந்தப் பயணத்தில் ஓர் அம்மாளை டீக்கடையிலேயே விட்டுவிட்டு, அடுத்த ஊர்வரை பாட்டுப் பாடிக்கொண்டே போய்விட்டார்கள். இந்த வருடம் மாசியில் குடகு. அங்கே மலை ஏற வேண்டியிருக்கும் என்பதால், அதற்கு முன் கொல்லிமலையில் அந்த முகட்டுப் பாதையை ஏறிப் பார்க்கிறேன் என்றாள். உச்சியைத் தொட்டால் குடகு, தொடாவிட்டால் வீடு.

"நீங்களும் வாங்க. குடகுக்கும் வாங்க, எனக்கும் நீங்க இல்லாம ஒரு மாதிரிதான் இருக்கும்," என்றாள். "ஆனா கொல்லிமலையில வாயத் தொறந்து ஒரு நம்பர் சொன்னீங்கன்னாலும், குடகுக்கு நான் மட்டும்தான். மனசுக்குள்ள எண்ணிக்கங்க, அதுக்கு என்ன பண்ண முடியும்."

குடகுப் பயணம் நான்கு நாள். அத்தனை நாள் அவள் இல்லாத வீட்டில் நான் இருந்ததே இல்லை. மருத்துவமனையில்கூட அவள் கட்டிலுக்குக் கீழேதான் பாய் போட்டுப் படுத்தேன். சரி என்றேன்.

காரவள்ளியிலிருந்து மலைக்கு ஏறும் ரோட்டில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை வேறு நிற்கிறது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் மனசுக்குள்தான் படித்தேன். ஆனாலும் இருபதாவது வளைவு தாண்டியதும் என் விலாவில் ஒரு முழங்கை இடித்தது. உதடு அசைகிறதாம். அதன் பிறகு கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு வந்தேன். குமட்டுகிறது என்று நினைத்துக் கண்டக்டர் ஓர் எலுமிச்சம்பழம் கொடுத்தார்.

பாதை முதலில் சாதுவாகத்தான் தொடங்கியது. இரு பக்கமும் மிளகுக் கொடி சுற்றிய மரங்கள், இடையிடையே மரவள்ளிக் காடு. பனி அப்போதுதான் விலகிக்கொண்டிருந்தது. அவள் இரண்டு கையிலும் ஊன்றுகோலோடு முன்னால் போனாள். நான் முதுகுப் பையோடு பின்னால். கடைசிப் பெட்டி எனக்குப் பழகிய இடம். பொட்டுகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்காக வந்தன. எட்டாவதுக்கு மேல் மண் முடிந்து கருங்கல் தொடங்கியது. யானை முதுகு போல வழுவழுப்பான பாறை, அதன் மேல் ராத்திரிப் பனியின் ஈரம். வழுக்கும், கோலைப் பார்த்து வை, இடது பக்கம் சரிவு, வலது பக்கம் முள் என்று எண் இல்லாத எச்சரிக்கைகளையெல்லாம் சொல்லித் தீர்த்தேன். அவள் திரும்பிப் பார்க்காமல் ஏறினாள். அவள் கால் மடங்கி நீள்வதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டுக் கூடத்தில் அது இப்படி மடங்கி நான் பார்த்ததில்லை. யாரும் எண்ணாததால்தான் இப்படி மடங்குகிறதோ என்று தோன்றியது. அந்த எண்ணம் எனக்குப் பிடிக்கவில்லை.

இருபத்திரண்டாவது பொட்டுக்கு அப்புறம் ஒரு பெரிய உண்ணிமுள் புதர். அதைச் சுற்றி வந்ததும் வலது கைப்பக்கம் வரிசையாக வெள்ளைப் பொட்டுகள் தெரிந்தன. இதுவரை ஒன்றைத் தேடி ஒன்றாக வந்தவை இங்கே பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. வழி கடினமாகிறது போலிருக்கிறது, அதனால் நெருக்கமாக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். வைத்தவர்களின் அக்கறையை மெச்சிக்கொண்டேன்.

முப்பது. முப்பத்தைந்து. பாதை ஏறவில்லை, சொல்லப்போனால் கொஞ்சம் இறங்கியது. நாற்பதாவது பொட்டு வந்தபோது நாங்கள் உச்சியில் இல்லை. நாலு பக்கமும் புல். நாற்பத்தொன்று வந்தது. அதன் பிறகும் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. உயிரோடு இருக்கும் எந்த ரயில் கார்டுக்கும் அப்படி ஒரு நிலைமை வரக் கூடாது. பெட்டி குறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். புறப்பட்டதற்கு மேல் வந்து சேர்ந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

"அம்மிணி, என்னமோ ஜாஸ்தியா இருக்குது," என்றேன்.

என்ன ஜாஸ்தி என்று நின்று கேட்டாள். ஒண்ணுமில்லை என்றேன். கோலை என் பக்கம் நீட்டி, இப்போது என்ன சொன்னீர்கள் என்றாள். அதில் ஓர் 'ஒண்ணு' இருப்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளே சிரித்து, அது கணக்கில் சேராது என்று மன்னித்துவிட்டு மேலே நடந்தாள்.

சொன்னால் குடகு போய்விடும். சொல்லாவிட்டால், அந்த முட்டிகள் தப்பான வழியில் எவ்வளவு தூரம் போகும், போன தூரம் திரும்பியும் வர வேண்டுமே, பிறகு உச்சிக்கு எங்கே பலம் இருக்கும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவள் ஆசைப்பட்டது உச்சிக்கு. நான் ஆசைப்பட்டது அவளோடு வேனில் ஓர் இருக்கைக்கு. ஒரு பொட்டைக் குனிந்து தொட்டுப் பார்த்தேன். வெள்ளை என் விரலில் ஒட்டிக்கொண்டது. பெயிண்ட் இல்லை, சுண்ணாம்பு.

"நில்லு. நாப்பத்தேழு," என்றேன். "நாப்பதுதான் இருக்கோணும். இது நாப்பத்தேழு. நாம தப்பா வந்துட்டோம்."

அவள் நின்றாள். கோபப்படவில்லை. என் விரலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"போச்சுங்க உங்க குடகு," என்று மெதுவாகச் சொன்னாள்.

அந்த நேரத்தில் புல்லுக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தாள். எங்களைப் பார்த்துத்தான்.

எட்டிப் பார்த்தால், ஒரு கல்யாணப் பந்தல் போடுகிற அளவுக்கு விரிந்த பாறை. நடுவில் சாமை குவித்துக் கிடந்தது. அடித்து, தூற்றி, சுத்தமாக்கிய குவியல், காலை வெயிலில் மணல் நிறத்தில் இருந்தது. குவியலின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் தம்பி. அவர்களின் மனைவிமார் இருவரும் கொஞ்சம் தள்ளி ஒன்றாக உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்கள். சிரித்தது அண்ணன் மனைவி.

"வாங்க, வாங்க. பொட்டப் பார்த்துக்கிட்டே வந்தீங்களாக்கு?" என்று கேட்டாள். அந்த ஊரில் நாலைந்து குடும்பத்துக்கு அந்தப் பாறைதான் பொதுக் களம். அறுப்புக்கு முன்னால் அவரவர் பங்குக்குச் சுண்ணாம்பால் பொட்டு வைத்து எல்லை பிரித்துக்கொள்வது அவர்கள் வழக்கம். மற்றவர் தானியத்தோடு கலந்துவிடக் கூடாதே. களத்துக்கு வருகிற வழியிலும் அடையாளத்துக்கு வைத்துக்கொண்டே வருவார்கள். பாதைக்குப் பெயிண்ட் அடித்தவர்களும் அதே வெள்ளையை எடுத்துவிட்டார்கள். போன வாரம் ஒரு காலேஜ் கூட்டமே இங்கே வந்து சேர்ந்து, இதுதான் உச்சி என்று நினைத்து போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டதாம். "நாங்களும் சொல்லலீங்க. புள்ளைங்க அத்தன சந்தோசமா இருந்துச்சுங்க," என்றாள்.

என் மனைவி அவர்களுக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து மொச்சை உரிக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்கு உட்காரத் தோன்றவில்லை. இவ்வளவு தானியத்தை வைத்துக்கொண்டு ஏன் சும்மா இருக்கிறார்கள், மேற்கே மேகம் கறுக்கிறதே என்று கேட்டேன். கேட்டது என் மனைவியைத்தான், ஆனால் அண்ணன் மனைவி பதில் சொன்னாள்.

காடு இரண்டு பேருக்கும் பொது. விதையும் உழவும் அண்ணனுடையது, அதனால் விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு அவருக்கு, ஒரு பங்கு தம்பிக்கு. ஒவ்வொரு வருடமும் அவர்களின் தாய்மாமன் வந்து எண்ணிக் கொடுப்பார். இன்று அவரும் ஊரும் மலையின் அந்தப் பக்கம் திண்ணனூர் நாட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயாயிற்று. அண்ணன் அளந்தால் தம்பி எண்ண வேண்டும். அதற்கு அண்ணன் ஒப்பவில்லை. தம்பி அளந்து அண்ணன் எண்ணுவதற்குத் தம்பி ஒப்பவில்லை. விடிந்ததிலிருந்து இப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள்.

"போன வருசம் மாமன் தண்ணி குடிக்கற நேரத்துல அண்ணந்தானுங்க எண்ணுச்சு," என்றார் தம்பி, எங்களைப் பார்த்து. "பன்னண்டுக்கு அப்பறமும் பன்னண்டே வந்துச்சுங்க."

"இவன் அளந்தா வள்ளத்துக்குள்ள கட்டை வெரலு பாதி இருக்குமுங்க," என்றார் அண்ணன், அவரும் எங்களைப் பார்த்தே.

"நீங்க ரெண்டு பேரும் எண்ணாதீங்க, அளக்காதீங்க, மழை வந்து அளந்துக்கிட்டுப் போவட்டும்," என்றாள் தம்பி மனைவி, மொச்சையிலிருந்து தலையைத் தூக்காமல்.

பிறகு அண்ணன் மனைவி என் மூக்குக் கண்ணாடியைப் பார்த்தாள். ஏனுங்க, நீங்க எண்ணித் தாங்களேன் என்றாள். அண்ணனும் தம்பியும் அன்று முதல் முறையாக ஒரே பக்கம் தலையாட்டினார்கள். முப்பது வருடத்துக்கு மேல் எண்ணியிருக்கிறேன். எண்ணித் தாருங்கள் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. ஆனாலும், நான் எண்ணக் கூடாது, வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று சொன்னேன். இது என்ன விரதம் என்று அவர்கள் என் மனைவியைப் பார்த்தார்கள்.

அவள் மடியிலிருந்த மொச்சையை முறத்தில் கொட்டினாள்.

"எண்ணுங்க," என்றாள். "நல்லா சத்தமா எண்ணுங்க."

தம்பி மனைவி வள்ளத்தை எடுத்தாள். வள்ளம் என்பது நாலு படி பிடிக்கிற இரும்பு அளவு. அவள் அள்ளி, தலையைத் தட்டிச் சமமாக்கி, பக்கத்தில் விரித்த சாக்கில் கொட்டினாள். முதல் அளவுக்கு ஒன்று என்று சொல்லக் கூடாது. லாபம் என்றுதான் சொல்ல வேண்டும். அது எனக்குத் தெரியும், எங்கள் பக்கமும் அதுதான் வழக்கம். அடுத்த வள்ளம் விழும்வரை அந்தச் சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும், மறந்துவிடாமல் இருக்க.

லாபம், லாபம், லாபம் என்று தொடங்கினேன். முதலில் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போல வந்தது. ரெண்டு, ரெண்டு, ரெண்டு. பத்தைத் தாண்டும்போது தொண்டை திறந்துகொண்டது. பன்னிரண்டு வந்தபோது நான் அண்ணனைப் பார்த்தேன். பதின்மூன்று என்றபோது தம்பி சிரித்துவிட்டார். இருபதுக்கு மேல் ஒரு ராகமே வந்துவிட்டது. சாமை விழுகிற சரசரப்பு, என் குரல், காற்று. பாறையில் வேறு சத்தம் இல்லை. வீட்டில் நான் எண்ணினால் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள். இங்கே நாலு பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது ஆளாக என் மனைவியும், கன்னத்தில் கை வைத்துக்கொண்டு.

அறுபத்து நான்கு வள்ளம். நாற்பத்திரண்டு அண்ணனுக்கு, இருபத்தொன்று தம்பிக்கு என்று, கடைசி வள்ளத்தின் தூசி அடங்கும் முன்பே சொன்னேன். ஒற்றையாக மிஞ்சிய ஒன்று கோயிலுக்கு. அது அவர்களே வைத்திருக்கும் வழக்கம், அதில் சண்டை இல்லை. அண்ணன் மடியிலிருந்து வெற்றிலையை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார். தம்பி வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான், பேசிக்கொள்ளவெல்லாம் இல்லை.

தூக்குவாளியில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் இருந்தன. சாப்பிட்டோம். நான் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டது எங்கள் வீட்டில் யாரும் நம்பாத விஷயம். மேகம் எங்களை ஏமாற்றிவிட்டு வேறு பக்கம் போய்விட்டது. மலை மேல் நாங்கள் வந்து இறங்கிய செம்மேட்டிலிருந்து கீழே போகும் பஸ்ஸைப் பற்றி நான் கவலைப்பட ஆரம்பித்தேன். உச்சி வேண்டாம், இப்படியே இறங்கிவிடலாம் என்றேன். என் மனைவி அதற்குள் கோல்களை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். தம்பி மனைவி கூடவே வந்து, உண்ணிமுள் புதருக்குப் பின்னால் கிளையை விலக்கி இருபத்து மூன்றாவது பொட்டைக் காட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். தொட்டுப் பார்த்தேன். விரலில் ஒட்டவில்லை. பெயிண்ட்தான்.

அதற்கு மேல் முகடு. இரண்டு பக்கமும் உலகம் கீழே போய்விட, நடுவில் கருங்கல் முதுகு மட்டும் நீண்டு போனது. காற்று என் வேட்டியைக் கொடியாக்கிவிட்டது. ஒரு கையால் அதையும் மறு கையால் தொப்பியையும் பிடித்துக்கொண்டு போனேன். வழியில் இரண்டு முறை அவள் நின்றாள். இரண்டு முறையும் நான் எதுவும் கேட்கவில்லை. கடைசி ஏற்றத்தில் கோல்களை என்னிடம் கொடுத்துவிட்டுக் கைகளால் பாறையைப் பிடித்து ஏறினாள். ஏறி, உச்சியில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். அந்த முட்டிகளால் இனிமேல் அது முடியாது என்று நாங்கள் எப்போதோ விட்டுவிட்ட காரியம். ஒரு நிமிடம்தான், உடனே காலை நீட்டிக்கொண்டாள். ஆனால் உட்கார்ந்தாள்.

கீழே சமவெளி முழுவதும் வெயில். ஏரிகள் சில்லறைத் துண்டுகளாக மின்னின. நான் எண்ணவில்லை. எனக்கு வேறு கவலை இருந்தது.

"என்னமோ சொல்ல வர்றீங்க. சொல்லுங்க," என்றாள்.

முப்பத்தொன்பதுதான் வந்தது, நாற்பதாவது பொட்டைக் காணவில்லை, டீக்கடைக்காரர் பொய் சொல்லிவிட்டாரா, நான்தான் விட்டுவிட்டேனா என்று கொட்டினேன். அவள் கொஞ்சம் நகர்ந்து, சேலையை விலக்கினாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில், வெள்ளையாக, உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது.

பிறகு அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். மலையில் வேறெங்கும் கிடைக்காத சிக்னல் அங்கே கிடைத்தது. தெருப் பெண்கள் கூட்டத்தின் தலைவியிடம், உச்சியில் உட்கார்ந்துதான் பேசுகிறேன் என்று இரண்டு தடவை சொன்னாள். அப்புறம் குரல் கொஞ்சம் தாழ்ந்தது.

"இன்னொரு பேரும் சேத்துக்கங்கக்கா. ஆமா, அவருதான். இல்ல, சும்மா இல்ல, ஒரு வேலையாத்தான் வர்றாரு. போன வருசம் மாதிரி யாரையும் டீக்கடையில விட்டுட்டு வர வேண்டாம் பாருங்க. வண்டி நின்னு கெளம்பற எடத்துலயெல்லாம் அவரு எண்ணிக்குவாரு."

நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டேன். பதினாறு என்றாள். வேனில் எத்தனை இருக்கை, டிரைவரைச் சேர்த்தா சேர்க்காமலா, பதினாறு பேரில் சர்க்கரை வியாதிக்காரர்கள் எத்தனை பேர் என்று எனக்குக் கவலை உடனே பிடித்துக்கொண்டது. இத்தனை சந்தோஷமான கவலை எனக்கு வந்ததே இல்லை.

இறங்கும்போது அவள் பின்னால் வந்தாள், நான் முன்னால். அதுவே எனக்குப் புதுசு. நாற்பது, முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே இறங்கினேன். சுண்ணாம்புப் பொட்டு வைத்த பாறைப் பக்கம் வந்தபோது அண்ணன் மனைவி புல்லுக்கு மேலே கையை ஆட்டினாள். மிளகுக் காட்டுக்குள் வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. மூன்று என்றேன். இரண்டு என்றேன். கோயில் மரத்தடியில் கடைசிப் பொட்டு. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பின்னாலிருந்து முந்திக்கொண்டாள்.

"லாபம்," என்றாள்.